லாலி சிலை எங்கே நிற்கிறது?

ஆர்.கே. நாராயணின் மால்குடியில் ஒரு வெள்ளைக்காரரின் சிலை உண்டு. சர் ஃபிரெடெரிக் லாலி என்று பெயர். 1956-இல் தொகுப்பாக வந்த 'லாலி ரோடு' கதைகளில், தலைப்புக் கதையே அந்தச் சிலையைப் பற்றியது. சுதந்திரம் வந்த உற்சாகத்தில் நகரசபை தெருப் பெயர்களை மாற்றத் தொடங்குகிறது. எல்லா வட்டத்தாரும் அதே தலைவர்களின் பெயர்களைக் கேட்க, ஒரே பெயரில் பல சாலைகள் உண்டாகி, யார் எங்கே குடியிருக்கிறார்கள் என்பதே குழப்பமாகிவிடுகிறது. பிறகு லாலி சிலையைப் பெயர்க்கிறார்கள். பெயர்த்த பின்புதான், அவர் ஊரை உண்டாக்கியவர், சரயு நதி வெள்ளத்தில் மக்களைக் காப்பாற்றப் போய் உயிர் விட்டவர் என்று தெரியவருகிறது. கடைசியில் சிலை கபீர் சந்தில் ஒரு வீட்டில் தங்கிவிட, அந்தச் சந்துக்கே லாலி ரோடு என்று பெயர் சூட்டுகிறார்கள். 1967-இல் வந்த 'தி வெண்டர் ஆஃப் ஸ்வீட்ஸ்' நாவலிலோ, மிட்டாய்க்கடை ஜகன் குடியிருக்கும் பகுதியில் லாலி தம் பீடத்தின் மேல் நிற்கிறார்.

ஒரே ஊரில் ஒரே சிலை இரண்டு நிலையில் இருப்பதைப் பெரும்பாலோர் கவனிப்பதில்லை. கவனித்தவர்களுக்கும் அதனால் மால்குடி கலைந்துபோவதில்லை. ஐம்பது ஆண்டுக்கு மேல் புத்தகம் புத்தகமாக வளர்ந்த ஒரு கற்பனை ஊர், இத்தகைய முரண்களையும் தாங்கிக்கொண்டு எப்படி நிலைத்தது? கதைக்காக ஊரோ நாடோ படைக்கும் எவருக்கும் இது முக்கியமான கேள்வி. சரித்திரக் கதையும் அறிவியல் புனைவும் எழுத வருகிற இளைஞர்களில் பலர், முதல் அத்தியாயத்துக்கு முன்பே கட்டுக்கட்டாகக் குறிப்பு சேர்த்துவிடுகிறார்கள். மன்னர் வரிசை, நாணயம், வழிபாடு, நதிகள், உணவு என்று தலைப்புவாரியாக, ஒழுங்காக அடுக்கிய குறிப்பு. எழுத உட்கார்ந்தால் அதில் பாதி கைகொடுப்பதில்லை. விவரங்களை ஆள்வாரியாக அடுக்க வேண்டும் என்பது என் வாதம். ஒரு விவரம் யார் கண்ணில், என்ன வேலையின் நடுவே, எந்தக் காலத்தில் படுகிறது என்பதையும் சேர்த்தே குறிப்பேட்டில் எழுத வேண்டும். மால்குடி அப்படித்தான் வளர்ந்தது. அது உருவான பெங்களூரிலேயே, இந்த முறையில் எழுதிப்பார்க்கத் தக்க தமிழர் குடியிருப்புகள் இருக்கின்றன. ஆஸ்டின் டவுன் அவற்றில் ஒன்று.

மால்குடியின் பிறப்பை நாராயணே 1974-இல் வெளியான 'மை டேஸ்' என்ற தன்வரலாற்றில் சொல்லியிருக்கிறார். 1930-இல் பெங்களூரில், பாட்டி பார்த்துச் சொன்ன நல்ல நாளில், ஒரு நோட்டு வாங்கி எழுத உட்கார்ந்தார். முதலில் கண்ணுக்குத் தெரிந்தது ஒரு சின்ன ரயில் நிலையம். ஊர் அதன் பின்னால் வந்தது. மக்கள்தொகை, சாதி, தொழில், நிலப்பரப்பு என்று எதையும் அவர் முன்கூட்டிக் கணக்கிட்டதாகத் தெரியவில்லை. 1935-இல் கிரஹாம் கிரீனின் முயற்சியால் லண்டனில் 'சுவாமி அண்ட் ஃபிரெண்ட்ஸ்' அச்சானபோது, ஒரு பள்ளிக்கூடத்துப் பையனுக்கு எவ்வளவு ஊர் தேவையோ அவ்வளவு ஊர் இருந்தது: பள்ளி, ஆற்றங்கரை, கிரிக்கெட் ஆடும் இடம், நண்பர்களின் வீடுகள், நண்பன் ராஜம் ஊரை விட்டுப் போகும் அந்த ரயில் நிலையம். நகரசபைத் தலைவர் யார், வரி எவ்வளவு என்பதெல்லாம் சுவாமிநாதனுக்குத் தேவையில்லை. ஆகவே ஊரில் அவை இல்லை.

மால்குடியை அடுத்த மெம்பி மலைக்காட்டை எடுத்துக்கொண்டால் இந்த முறையின் பலம் தெளிவாகப் புரியும். 1958-இன் 'தி கைட்' நாவலில் அது ரயில்வே ராஜுவுக்குப் பிழைப்பு தருகிற இடம். வெளியூர்க்காரரைக் கூட்டிப்போய்க் காட்டலாம், குகை ஓவியம் தேடும் மார்க்கோவை அங்கே கொண்டுபோய் விடலாம். 1961-இன் 'தி மேன் ஈட்டர் ஆஃப் மால்குடி'யில் அதே காடு வாசுவின் கைக்கு வருகிறது. செத்த விலங்குகளைப் பதப்படுத்தும் அந்த முரடனுக்கு அது சரக்குக் கிடங்கு. 1983-இன் 'எ டைகர் ஃபார் மால்குடி'யில் கதை சொல்வது புலி. இப்போது காடு பிறந்த வீடு. ஒரே காடு, மூன்று கண்கள். நாராயண் மெம்பியைப் பற்றித் தாவரம், உயரம், மழையளவு என்று தனிப் பக்கம் எழுதியிருந்தால் இந்த மூன்றில் எதற்கும் அது உதவியிருக்காது. யாருக்கு எதற்காக வேண்டும் என்ற கேள்விதான் ஒவ்வொரு முறையும் காட்டை விரித்தது. சரயு என்ற வடநாட்டு நதியின் பெயர் தென்னாட்டு ஊரில் ஓடுவதையும் நாம் ஏற்றுக்கொள்கிறோம். அதில் குளிக்கிறவர்களையும் அதன் மணலில் உட்கார்ந்து பேசுகிறவர்களையும் நமக்குத் தெரியும், அதுவே போதுமானதாக இருக்கிறது.

பிற்காலத்தில் ஜேம்ஸ் ஃபென்னெல்லி என்ற ஆய்வாளர், நாவல்களிலும் கதைகளிலும் சிதறிக் கிடந்த குறிப்புகளைத் திரட்டி மால்குடிக்கு ஒரு வரைபடம் தயாரித்தார். அருமையான உழைப்பு, வாசகருக்குப் பயன்படும் உழைப்பு. ஆனால் கதை போன வழியை வரைபடம் பின்தொடர்ந்தது என்பதை நாம் மறந்துவிடக்கூடாது.

அப்படியானால் கணக்கு வைக்கவே வேண்டாமா? வேண்டும். எதைக் கணக்கில் வைப்பது என்பதைத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். டாக்டர் வாட்சனின் போர்க்காயம் 1887-இல் வந்த முதல் நாவலில் தோளில் இருந்தது. 1890-இல் வந்த இரண்டாவதில் காலுக்கு இறங்கிவிட்டது. ஷெர்லாக் ஹோம்ஸ் கதைகளுக்கு அதனால் ஒரு குறையும் வரவில்லை, எந்த வழக்கின் முடிச்சும் அந்தக் காயத்தில் இல்லை. டோல்கீனின் நிலைமை வேறு. பிரிந்து போன குழுக்கள் வெவ்வேறு திசையில் நாள் கணக்கில் நடந்து, குறித்த நேரத்தில் சந்திக்க வேண்டிய கதை அவருடையது. 1944-இல், தம் அத்தியாயங்களில் நிலவு நடக்க முடியாதபடி நடப்பதைக் கண்டுபிடித்து, திரும்பப் போய்த் திருத்தினார். ஒரு குழு பௌர்ணமியைப் பார்க்கும் இரவில் இன்னொரு குழு பிறையைப் பார்த்தால் அந்தக் கதையே சரிந்துவிடும். ஃபாக்னர் 1936-இல் தம் கற்பனை மாவட்டத்துக்கு வரைபடம் வரைந்து, உரிமையாளர் தாமே என்று அதில் எழுதினார். 1959-இல் அந்த மாவட்டத்துக் கதைகளில் ஒன்றான 'தி மான்ஷன்' வந்தபோது, முன்னுரையிலேயே முந்தைய புத்தகங்களோடு முரண்கள் உண்டு என்று ஒப்புக்கொண்டு, அவற்றை அப்படியே விட்டார். கதையின் எடை எதன் மேல் நிற்கிறதோ அதை மட்டும் இறுகப் பிடிப்பது என்ற ஒரே விதியைத்தான் இந்த மூவரிடமும் பார்க்கிறேன்.

நம் கல்கி இதில் இன்னொன்றைக் கற்றுத் தருகிறார். 'பொன்னியின் செல்வன்' 1950 முதல் 1954 வரை வாரம் தவறாமல் வந்த தொடர். எழுதியதைத் திரும்பப் பெற முடியாது. வாசகர்கள் கையில் போன வாரத்து இதழ் இருக்கிறது. முடிவுரையில் அவர், எது கல்வெட்டும் செப்பேடும் சொல்வது, எது தம் கற்பனை என்று பிரித்துப் பேசுகிறார். வந்தியத்தேவன் குந்தவையின் கணவன் என்பதற்குத் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் ஆதாரம் உண்டு. நந்தினி கல்கியின் படைப்பு. இந்தப் பிரிவினை அவர் மனத்தில் முதல் அத்தியாயத்திலிருந்தே இருந்திருக்க வேண்டும். ஆதித்த கரிகாலன் கொலையுண்டான் என்பதை அவரால் மாற்ற முடியாது, யார் கையால் என்பதை மூடுபனியாகவே வைத்திருக்க முடியும். உண்மை இடத்தையோ காலத்தையோ அடித்தளமாகக் கொண்டு எழுதுகிறவர்கள், ஒவ்வொரு குறிப்பின் ஓரத்திலும் 'ஆதாரம் உண்டு' அல்லது 'நான் வைத்தது' என்று ஒரு சொல் எழுதிவைப்பது பின்னாளில் பெரிய தலைவலியைத் தவிர்க்கும்.

இனி ஆஸ்டின் டவுனுக்கு வருவோம். ரிச்மண்ட் டவுன், நீலசந்திரா, விவேக் நகர் ஆகியவற்றை ஒட்டி இருக்கும் இந்தப் பகுதி, ஆங்கிலேயர் காலத்தில் குறைந்த செலவில் கட்டிய வீடுகளோடு எழுந்த குடியிருப்பு. 1809-இல் பெங்களூரில் கன்டோன்மென்ட் அமைந்தபோது, சென்னை ராணுவத்தோடும் அதற்குப் பின்னாலும் வந்த தமிழர்களின் சந்ததி நகரின் இந்தப் பக்கத்தில்தான் அடர்த்தியாகப் பரவியது. 1881-இல் மைசூர் மன்னரிடம் ஆட்சி திரும்பக் கொடுக்கப்பட்டபோதும் கன்டோன்மென்ட் மட்டும் ஆங்கிலேய ரெசிடென்ட்டின் கையில் தனி நிர்வாகமாக இருந்தது. 1947-இல் மைசூருக்குத் திரும்பியது. 1949-இல் இரண்டு நகராட்சிகளும் ஒரே மாநகராட்சியாயின. ஆஸ்டின் டவுனுக்கு இன்று அரசு ஏடுகளில் எஃப். கிட்டல் நகர் என்று பெயர். 1894-இல் கன்னட-ஆங்கில அகராதியை வெளியிட்ட ஜெர்மானியப் பாதிரியார் ஃபெர்டினாண்ட் கிட்டலின் பெயர் அது. ஆட்டோவில் ஏறுகிறவர்கள் ஆஸ்டின் டவுன் என்றுதான் சொல்கிறார்கள்.

கிட்டலின் அகராதியை நான் இங்கே குறிப்பிடுவதற்குக் காரணம் உண்டு. ஏறத்தாழ 70,000 சொற்கள் கொண்ட அந்த நூலில், பல சொற்களுக்குப் பொருள் மட்டும் தந்து அவர் நிறுத்துவதில்லை. எந்த இலக்கியத்தில் வந்தது, எந்தப் பழமொழியில் மக்கள் சொல்கிறார்கள் என்பதையும் சேர்க்கிறார். ஒரு சொல்லை அது புழங்கும் இடத்தோடு பதிவு செய்யும் வேலை அது. கற்பனை உலகின் குறிப்பேட்டுக்கு இதைவிட நல்ல முன்மாதிரி எனக்குத் தெரியவில்லை.

ஒருவர் ஆஸ்டின் டவுனை அடியொற்றி 'ஆர்தர் டவுன்' என்று ஒரு கற்பனைப் பேட்டையை நாவலுக்காகக் கட்டுகிறார் என்று வைத்துக்கொள்வோம். தலைப்புவாரிக் குறிப்பில் 'வழிபாடு' என்ற பக்கத்தில் அவர் எழுதக்கூடியது இது: அருகில் குழந்தை இயேசு ஆலயம், வியாழக்கிழமைகளில் பெருங்கூட்டம். விவேக் நகர் ஆலயத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரிந்த விஷயம். எல்லா மதத்தவரும் வந்து மெழுகுவத்தி ஏற்றிப் போகிறார்கள். ஆனால் இந்தக் குறிப்பு நாவலாசிரியரை அடுத்த வரிக்கு நகர்த்தாது. அதே வியாழக்கிழமையை ஆள்வாரியாகப் பிரித்துப் பாருங்கள். பூ விற்கும் அம்மாவுக்கு அன்றைய வருமானம்தான் அந்த வாரத்து வீட்டுச் செலவு. மழை பெய்தால் அந்த வாரமே போயிற்று. ஆட்டோ ஓட்டும் அவள் தம்பி அந்தச் சாலைக்குள் நுழையாமல் சுற்றிப் போவான். ஆனால் சவாரி அதிகம் என்பதால் மாலையில் ஆலய வாசலுக்கே வந்து நிற்பான். மூலை பேக்கரிக்காரர் பஃப்ஸும் தில்பசந்தும் கூடுதலாகப் போடச் சொல்வார். தெருவில் பந்து உதைக்கும் பையன்களுக்கு அன்று தெரு கிடையாது. எதிர்வீட்டு ஹாஜிராம்மாவுக்கு, மகள் பிரசவத்துக்காக ஒன்பது வியாழன் நேர்ந்துகொண்டது வீட்டில் யாருக்கும் சொல்லாத ஒன்று. ஐந்து பேர், ஐந்து வியாழக்கிழமைகள். இதில் எந்த வரியை எடுத்தாலும் அடுத்த நிமிடமே ஒரு காட்சி எழுதலாம்.

மொழியையும் அப்படியே பிரிக்க வேண்டும். 'இங்கே தமிழ், கன்னடம், உருது, தெலுங்கு, ஆங்கிலம் பேசப்படுகின்றன' என்பது மக்கள்தொகைக் குறிப்பு. நாவலுக்கு வேண்டியது, பூக்காரம்மா வீட்டில் தமிழும், வார்டு ஆபீசில் கன்னடமும், கறிக்கடையில் தக்கினி உருதும், பேத்தியின் கான்வென்ட் ஆசிரியையிடம் நாலைந்து ஆங்கிலச் சொல்லும் பேசுகிறாள் என்பது. அதைவிட முக்கியம், எந்த இடத்தில் அவள் தமிழை அடக்கிக்கொள்கிறாள் என்பது. 1991 டிசம்பரில், காவிரி இடைக்காலத் தீர்ப்பை ஒட்டிப் பெங்களூரில் தமிழர்கள் தாக்கப்பட்டார்கள். அதே ஆண்டு அல்சூர் ஏரிக்கரையில் வைத்த திருவள்ளுவர் சிலை, திறக்க முடியாமல் பதினெட்டு ஆண்டு துணி சுற்றியே நின்றது. 2009 ஆகஸ்டில்தான் திறக்கப்பட்டது. இந்த இரண்டையும் 'வரலாறு' என்ற பக்கத்தில் எழுதிவைத்தால் அது செய்தி. 1991-இல் பத்து வயதாக இருந்த ஒரு பாத்திரத்தின் பக்கத்தில் எழுதிவைத்தால், இன்று அவர் பேருந்தில் கைபேசியில் அம்மாவோடு பேசும்போது குரலைத் தாழ்த்துவதற்குக் காரணம் கிடைத்துவிடும். ஒவ்வொரு பாத்திரத்தின் பக்கத்திலும் 'வெளியில் சொல்லாதது' என்று ஓர் இடம் ஒதுக்குங்கள் என்று எழுத வருகிறவர்களிடம் நான் வற்புறுத்துவேன். கன்டோன்மென்ட் தமிழர் கதைக்கு அது இல்லாமல் முடியாது.

காலத்தையும் ஆள்மேல் ஏற்றித்தான் வைக்க வேண்டும். 1925-இல் பிறந்த ஒரு தாத்தாவை எடுத்துக்கொள்ளுங்கள். ரெசிடென்ட்டின் ஆட்சியில் பிறந்தார். 22 வயதில் மைசூர் மன்னரின் குடிமகன். பிறகு மைசூர் மாநிலத்தான். 1973-இல், 48 வயதில், மாநிலத்தின் பெயர் கர்நாடகம் ஆனது. இத்தனைக்கும் வீடு மாறவில்லை, வாசற்படிகூட மாறவில்லை. அவருடைய பேத்திக்கு இதில் ஒன்றுமே நினைவில்லை. அவளுடைய காலக்கணக்கு மெட்ரோ வந்ததற்கு முன், பின் என்று ஓடும். ஊரின் ஆண்டுவரிசையை ஒரே நேர்கோடாகச் சுவரில் ஒட்டினால் தாத்தாவும் பேத்தியும் ஒரே பெங்களூரில் இருப்பதாகத் தோன்றிவிடும். அப்படி இல்லை என்பதுதான் இந்த நாவலுக்கே அடிப்படை. பாத்திரங்களின் பிறந்த ஆண்டை மட்டும் தவறாமல் குறித்துவைத்து, ஒவ்வொரு சம்பவத்தின்போதும் யாருக்கு என்ன வயது என்று பார்த்துக்கொண்டால் போதும். எக்செல்லில் போட்டாலும் சரி, நோட்டில் கட்டம் கட்டினாலும் சரி.

இறுகப் பிடிக்க வேண்டியவை உண்மையில் கொஞ்சம்தான். பிறந்த ஆண்டு, உறவுமுறை, யாருக்கு யார் எவ்வளவு கடன், ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு நடந்தால் ஆகும் நேரம், கதை ஓடும் நாட்களின் கிழமை. இவற்றில் தவறினால் வாசகர் பிடித்துவிடுவார், மன்னிக்கவும் மாட்டார். சினிமாவில் உதவி இயக்குநர்கள் கன்டினியூட்டி பார்ப்பது போல, ஒவ்வோர் அத்தியாயம் முடிந்ததும் இந்த ஐந்தையும் சரிபார்த்துக் குறித்துவிடலாம். சுவரின் நிறம், கடையின் பெயர்ப்பலகை முதலியவற்றைக் கதைக்கு வேண்டியபோது எழுதிக்கொள்ளலாம். அவற்றை முன்கூட்டியே முடிவு செய்து வைப்பது பாத்திரங்களின் காலைக் கட்டுகிறது.

வேறு வகை உலகமும் உண்டு: முழுக்கக் கற்பனை, உண்மை ஊரின் துணை இல்லை. அதற்கும் பெங்களூரிலேயே உதாரணம் கிடைக்கிறது. இங்கே பாரத் எலெக்ட்ரானிக்ஸில் வேலை பார்த்த காலத்தில் சுஜாதா 'என் இனிய இயந்திரா'வை எழுதினார். வருங்கால சர்வாதிகார இந்தியா. அந்த அரசின் சட்டதிட்டங்களை அவர் அத்தியாயம் அத்தியாயமாக விளக்குவதில்லை. குழந்தை பெற்றுக்கொள்ள அரசு அனுமதி வேண்டும் என்பது நிலா என்ற இளம்பெண்ணின் வீட்டுச் செய்தியாக நமக்கு வருகிறது. நிலா, சிபி, ரவி, மனோ, ஜீவா என்று பெயர்களே இரண்டெழுத்தில் சுருங்கிவிட்டன. பெயரைக்கூட அளந்து கொடுக்கிற அரசு மற்றதை எப்படி நடத்தும் என்பதை வாசகர் தாமே ஊகித்துக்கொள்கிறார். உலகின் விதி ஒரு மனிதரின் உடம்பிலோ பெயரிலோ பட்டுத் தெரிந்தால் நூறு பக்க விளக்கம் மிச்சம்.

உலகம் எழுதியவரின் கையை விட்டுப் போகும்போதும் குறிப்பு தேவைப்படுகிறது. 'தி கைட்' 1965-இல் திரைப்படமானபோது மால்குடி ராஜஸ்தானத்துக்குப் போய்விட்டது. தம் மனத்தில் இருந்த மைசூர்ப் பக்கத்து இடங்களை நாராயண் படக்குழுவுக்குக் காட்டியிருந்தார். ஜெய்ப்பூரிலும் உதய்ப்பூரிலும் படமாக்குவதை அவர் எதிர்த்தபோது, மால்குடி எங்கே இருக்கிறது என்று நீங்கள் எப்படிச் சொல்ல முடியும் என்ற பொருளில் அவரிடமே திருப்பிக் கேட்டார்கள். அந்த மனவருத்தத்தை அவர் கட்டுரையாக எழுதியிருக்கிறார். இருபது ஆண்டு கழித்து சங்கர் நாக் தொலைக்காட்சிக்காக 'மால்குடி டேஸ்' எடுத்தபோது, ஆகும்பேயில் அந்த ஊர் நம்பும்படியாக எழுந்தது. கலை இயக்குநர் ஜான் தேவராஜும் மற்றவர்களும் கதை மாந்தர் நடமாடும் இடங்களிலிருந்து தொடங்கியதுதான் வேறுபாடு என்று நினைக்கிறேன். மேற்குத் தொடர்ச்சி மலை மழை ஊரான ஆகும்பேயும் நாராயண் நினைத்த மால்குடி அல்ல. ஆனாலும் திண்ணையும் கடைவீதியும் சரியாக இருந்தன, சுவாமிநாதன் அங்கே ஓட முடிந்தது.

இந்த வேலையை ஆராய விரும்புகிறவர்களுக்கு ஒரு பெரிய குறை இருக்கிறது. டோல்கீனின் கையெழுத்துப் படிகளை அமெரிக்காவின் மார்க்கெட் பல்கலைக்கழகம் 1957-லேயே விலைகொடுத்து வாங்கியது; அவர் அடித்துத் திருத்தியதையெல்லாம் இன்று மாணவர்கள் பார்க்க முடிகிறது. நாராயணின் தாள்கள் பாஸ்டன் பல்கலைக்கழகத்தில் இருக்கின்றன. தமிழில் தொடர்கதை எழுதியவர்களின் நோட்டுகள், வம்சாவளித் தாள்கள், பயணக் குறிப்புகள், ஓவியருக்குப் போன சீட்டுகள் ஆகியவற்றை அச்சான நூலுக்கு இணையான செல்வமாக நாம் இன்னும் கருதத் தொடங்கவில்லை. சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் போன்ற இடங்கள் இருக்கின்றன. எழுத்தாளர் வீட்டில் பரணைச் சுத்தம் செய்யும் பிள்ளைகள், முதல் பதிப்புகளை மட்டும் எடுத்து வைத்துவிட்டுப் பழைய டைரிகளை எடைக்குப் போடாமல், ஒருமுறை நூலகத்தாரைக் கூப்பிட்டுக் காட்ட வேண்டும். பெங்களூர்த் தமிழ் எழுத்தாளர்களின் குடும்பங்களுக்கும் இதே வேண்டுகோள்தான். அவர்கள் அல்சூரில் 1950 முதல் இயங்கும் தமிழ்ச் சங்கத்தில் கேட்டாலே, எங்கே ஒப்படைப்பது என்பதற்கு வழி பிறக்கும்.